‘பாங்க்’: ஓர் உருவம், மூன்று சொற்கள்

ஆங்கில அகராதி ஒன்றை விரித்து ‘பாங்க்’ என்ற சொல்லைத் தேடுகிறவர், அது ஒரே பதிவாக இருக்கக் காணமாட்டார். தலைச்சொல்லின் அருகே மிகச் சிறிய எழுத்தில் 1, 2, 3 என்று எண்கள் இடப்பட்டு, ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட மூன்று பதிவுகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று ஆற்றங்கரையையும் மண்மேட்டையும் சொல்லும். இன்னொன்று பணம் வைக்கும் நிறுவனத்தைச் சொல்லும். மற்றொன்று, அதிகம் பேரின் கண்ணிற் படாமல், வரிசையாக அடுக்கப்பட்ட பொருட்களைச் சொல்லும். ஒவ்வொரு பதிவின் உள்ளேயும் மறுபடி பல பொருள்கள் விரியும். நம்மிற் பெரும்பாலோர் அந்தச் சிறிய எண்ணைக் கவனிக்காமல், எல்லாப் பொருள்களையும் ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம். ஒரு மொழியைக் கற்பதில் இதைவிடச் சலிப்பூட்டும் வழி வேறில்லை என்பது என் எண்ணம். அந்த எண் என்ன சொல்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பட்டியல் தானே ஒழுங்குபட்டுவிடும்.

முதலில் இரண்டு நிலைமைகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஒரே சொல் காலப்போக்கில் தன் பொருளை விரித்துக்கொண்டு பல பொருள்களைத் தருவது ஒரு நிலைமை. தமிழில் ‘திங்கள்’ அப்படிப்பட்டது. முதலில் நிலவு; நிலவு ஒருமுறை வளர்ந்து தேயும் காலமாகிய மாதம் அடுத்தது; நிலவுக்குரிய கிழமை மற்றது. மூன்று பொருள்களுக்கும் இடையே ஒரு கயிறு ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். மற்ற நிலைமை இதற்கு மாறானது. வெவ்வேறு பிறப்புடைய சொற்கள், ஒலி மாற்றத்தாலோ கடன் வாங்கியதாலோ தற்செயலாக ஒரே உருவத்தை அடைந்துவிடுகின்றன. நீர் ஓடும் ‘ஆறு’, எண்ணாகிய ‘ஆறு’ ஆகிய இரண்டுக்கும் இடையே எந்தக் கயிறும் இல்லை. இதற்குச் சான்று தமிழுக்குள்ளே கிடைக்காது. தெலுங்கைப் பார்க்க வேண்டும். அங்கே எண் ‘ஆரு’, நீர் ஓடுவது ‘ஏரு’. நம் மொழியில் ஒன்றாய்ப் போனவை உடன்பிறந்த மொழியில் பிரிந்தே நிற்கின்றன. அகராதி செய்கிறவர்கள் முதல் நிலைமையை ஒரே பதிவுக்குள் அடக்குவார்கள். இரண்டாவதற்குத் தனித்தனிப் பதிவு கொடுத்து எண் இடுவார்கள்.

இந்த விடயம் தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை, வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என்று இரண்டாகப் பகுக்கிறது. உரைகாரர்கள் இதற்கு ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வார்கள். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்று மட்டும் சொன்னால் மரமும் விழும், விலங்கும் விழும் என்பதால் கேட்பவருக்கு ஐயம் எஞ்சும். யாழ்ப்பாணத்தவர் இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: மா இடித்தார்கள், மா வறுத்தார்கள் என்றால் இங்கே புட்டுக்கும் இடியப்பத்துக்கும் உரிய மா. பொருளைத் தெளிவாக்கும் வேலையைப் பக்கத்தில் நிற்கும் வினை செய்துவிடுகிறது. ஆங்கிலத்து ‘பாங்க்’ பெருக்கெடுத்த நீரால் உடைந்தது என்று வாசிக்கும்போதும், அது மூன்று மணிக்குப் பூட்டப்பட்டது என்று வாசிக்கும்போதும் நாம் தடுமாறாமல் இருப்பது இதே காரணத்தால்தான். ஆனால் இது சொல்லைப் பயன்படுத்தும் இடத்து விதி. சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இது விடை தராது. அந்தக் கேள்வியைப் பற்றியும் தொல்காப்பியர் உரியியலில் ஒரு சொல் சொல்லிவைத்திருக்கிறார்: சொல் ஒரு பொருளைத் தருவதற்கான காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்கிறார். விளங்க வேண்டுமானால் தேட வேண்டும்.

ஆற்றங்கரையைக் குறிக்கும் ‘பாங்க்’ என்பதை முதலில் தேடுவோம். 9 ஆம் நூற்றாண்டிலிருந்து டென்மார்க், நோர்வே பகுதிகளிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து நூற்றுக்கணக்கான அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. ‘ஸ்கை’, ‘எக்’, ‘விண்டோ’ போன்றவை எல்லாம் அவர்கள் கொடுத்தவை. மேட்டையும் சரிவையும் குறிக்கும் ‘பாங்க்’ என்பதும் அந்த வழியில் வந்தது. இன்றைய டேனிய மொழியில் குன்றுக்கு ‘பாக்க’ என்று வழங்கும் சொல் இதன் உறவு.

ஆகவே இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் நீரோடு தொடர்புடையது அன்று; உயர்ந்து நிற்கும் மண் என்பதே அது. இதை அறிந்துகொள்வது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பயன் தரும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறு ஒன்றுதான் நமக்கு ஆறு என்று சொல்ல இருக்கிறது. ஆற்றங்கரை என்று மட்டும் படித்த பிள்ளை, ஆங்கில நூலில் வயலைச் சுற்றிய ‘பாங்க்’ என்று வரும்போது ஆற்றைத் தேடித் திகைக்கும். உயர்ந்த மண் என்று படித்த பிள்ளைக்கு வயல் வரம்பும் குளக்கட்டின் சரிவும் உடனே கண்முன் வந்துவிடும்.

இந்த மூலப் பொருளிலிருந்துதான் மற்றவை கிளைக்கின்றன. கடலுக்குள்ளே மூழ்கிக் கிடக்கும் மேடும் ‘பாங்க்’. பருத்தித்துறைக்கு அப்பால் கடலில், நம் மீனவர்களுக்கு நன்கு தெரிந்த, பள்ளிப் புவியியலில் பீதுரு கடலடி மேடை என்று படிக்கும் மீன்பிடித் தளத்துக்கு ஆங்கிலத்தில் ‘பீட்ரோ பாங்க்’ என்று பெயர். கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ளது ‘வாட்ஜ் பாங்க்’. வட அத்திலாந்திக்கில் நியூபவுண்ட்லாந்துக்கு அருகே, பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்குக் கொட் மீன் கொடுத்து, 1992 இல் மீன் அற்றுப்போய்த் தொழில் நிறுத்தப்பட்ட பெருந்தளமும் இதே சொல்லால்தான் வழங்குகிறது. கடல் ஆழம் குறைந்த மேட்டில் சூரிய ஒளி அடிவரை எட்டும், அடியில் கிடக்கும் சத்து மேலே கலங்கி வரும், மீன் கூடும். அதனால்தான் உலகின் பெரிய மீன்பிடித் தளங்கள் பலவற்றின் பெயரில் இந்தச் சொல் வருகிறது. மன்னார்க் கடலில் முத்துச்சிப்பி விளையும் தளங்களை ஆங்கிலேயர் இதே சொல்லாற் குறித்தார்கள். நம்மவர் அவற்றைப் ‘பார்’ என்றார்கள். இடையில் ஒன்று: பருத்தித்துறையின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘பீட்ரோ’ ஒரு மனிதரின் பெயர் போலத் தோன்றினாலும், கல்முனை என்று பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரிலிருந்து அது வந்தது என்றே கொள்ளப்படுகிறது. ஒத்த உருவம் நம்மை ஏமாற்றும் இடங்களுள் அதுவும் ஒன்று.

மண்மேடு போலத் திரண்ட முகிலும் மூடுபனியும் கூட ‘பாங்க்’. வளைவில் வெளி ஓரத்தை உயர்த்தி வீதி போடுவதும், பலாலியில் இறங்க வட்டமிடும் விமானம் ஒரு சிறகைத் தாழ்த்திச் சரிந்து திரும்புவதும் இதே சொல்லின் வினை வடிவத்தால் சொல்லப்படும். கரை, மேடு, சரிவு, சரிதல் என்று பொருள் ஒன்றிலிருந்து ஒன்றாக நகர்ந்திருப்பதைக் காணலாம். இது திங்களின் வகை. ஆகவே எல்லாம் ஒரே பதிவுக்குள் அடங்கும்.

பணத்துக்குரிய ‘பாங்க்’ வேறு வழியால் வந்தது. அதன் நேரடித் தாய் பிரெஞ்சு ‘பாங்க்’. அதற்குத் தாய் இத்தாலிய ‘பாங்க்கா’. இத்தாலியச் சொல்லின் பழைய பொருள் இருக்கைப் பலகை, அல்லது முன்னே வைத்துக்கொண்டு வேலை செய்யும் மேசைப் பலகை. இடைக்கால இத்தாலிய நகரங்களில் ஒவ்வொரு நகரமும் தன் நாணயத்தை அடித்தது. வெளியூர் வணிகர் கொண்டுவந்த காசை நிறுத்து, உரைத்துப் பார்த்து, உள்ளூர்க் காசாக மாற்றிக் கொடுப்பவர்கள் சந்தையில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். பலகையின் பெயர் தொழிலுக்கு ஆயிற்று; தொழிலின் பெயர் நிறுவனத்துக்கு ஆயிற்று. ஜெனோவா நகரில் 1407 இல் புனித ஜோர்ஜ் பெயரில் ஒரு வங்கி எழுந்தது. ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 15 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. இங்கிலாந்து வங்கி 1694 இல் தொடங்கப்பட்டது. இலங்கை வங்கி 1939 இல்.

பலகை பணநிலையமாக மாறுவது விநோதமான பாய்ச்சலாகத் தோன்றலாம். ஆனால் கிரேக்கர்கள், இத்தாலியரைப் பார்த்துச் செய்யாமல், அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதையே செய்திருக்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘திரபேசா’ என்றால் மேசை; பழங்காலத்திலேயே காசு மாற்றுவோரின் மேசைக்கும் அதே பெயர்; இன்றைய ஏதென்ஸ் நகரில் வங்கியின் பெயர்ப்பலகையிலும் அதே சொல். இரண்டு மொழிகள் தனித்தனியே ஒரே வழியில் நடந்திருக்கின்றன என்றால், அந்த வழி இயல்பானது என்று நம்பலாம். சொற்பிறப்பு ஆய்வில் எனக்கு மிகவும் மன நிறைவு தருவது இத்தகைய இணைச் சான்றுதான். ஒரு தனிக் கதையை எவரும் கட்டிவிடலாம், தனித்தனியே நடந்த இரண்டு மொழிகள் ஒரே சாட்சியைச் சொல்வது அப்படியன்று.

நிறுவனம் என்ற பொருள் நிலைத்த பிறகு, தேவைப்படும் நாளில் எடுப்பதற்காகச் சேர்த்து வைக்கும் இடம் என்ற கருத்து அதிலிருந்து பிரிந்து தனியே நடக்கத் தொடங்கியது. 1937 இல் சிக்காகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் குருதி சேமித்து வைக்கும் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் பெர்னாட் பன்டஸ் அதற்கு ‘பிளட் பாங்க்’ என்று பெயரிட்டார். நாம் அதை இரத்த வங்கி என்கிறோம். விதை வங்கி, கண் வங்கி எல்லாம் அந்தத் தடத்தில் வந்தவை. ஒருவரை நம்பியிருப்பதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லை வினையாக்கிச் சொல்வார்கள்.

மூன்றாவது ‘பாங்க்’ பழைய பிரெஞ்சு ‘பங்’ என்பதிலிருந்து வந்தது. அதுவும் இருக்கைப் பலகைதான். பெருங்கப்பல்களில் துடுப்பு வலிப்போர் வரிசையாக அமர்ந்த பலகை, பின் அந்தத் துடுப்பு வரிசை, பின் தேவாலயத்து ஓகன் இசைக்கருவியில் உள்ள கட்டை வரிசை, இன்று மின் ஆளிகளின் வரிசை.

இப்போது ஒரு கேள்வி எழும். இரண்டாவதும் மூன்றாவதும் பலகை என்றால், அவை ஏன் ஒரே பதிவாக இல்லை? அது மட்டுமன்று; முதலாவதும் இவற்றுக்குத் தூரத்து உறவு. ஜெர்மானிய மொழிகள் எல்லாம் ஒன்றாய் இருந்த மிகப் பழைய காலத்தில் இருந்த ஒரு வேரிலிருந்தே மூன்றும் பிரிந்தன என்று மொழியியலாளர் காட்டுகிறார்கள். அந்த வேரின் பொருள் மண்ணால் உயர்த்திய மேடு, பின் அமர்வதற்கு ஏற்ற மேடு என்று இருந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து. நம் பழைய வீடுகளின் திண்ணையை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பு இராது: மண்ணைக் குவித்து உயர்த்தி மெழுகினால் அது மேடும் ஆகும், இருக்கையும் ஆகும். வடக்கே போன கிளை மேடு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. தெற்கே இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போன கிளை இருக்கை என்ற பொருளைக் கொண்டுபோனது. வீட்டிலேயே தங்கிய கிளை ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லாகிய ‘பெஞ்ச்’ என்பதும் அதே வேர்தான். இ, எ போன்ற முன்னுயிரின் பக்கத்தில் இருந்த ‘க்’ ஒலி ஆங்கிலத்தில் ‘ச்’ ஆக மாறியதால் முகம் வேறாகிவிட்டது.

அகராதி இவற்றைப் பிரித்து வைப்பது வேரைப் பார்த்து அன்று, வந்த வழியைப் பார்த்து. ஆங்கிலத்துக்குள் அவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மக்களின் வாயிலாக, முன்பே பொருள் மாறியவையாக நுழைந்தன. ஆங்கிலம் பேசுகிறவருக்கு அவற்றிடையே எந்த உறவும் தெரிவதில்லை. ஆகவே ஒரே சொல்லின் பல பொருள்கள், ஒரே உருவத்தின் பல சொற்கள் என்ற இரண்டு வகைக்கும் நடுவே சுவர் ஒன்றும் எழுப்பப்படவில்லை. பழைய காலத்தில் ஒன்றாய் இருந்தவை பிரிந்து போய், பின் அந்நியரைப் போலச் சந்திப்பதும் உண்டு. ஜெர்மன் மொழி இதை அழகாகக் காட்டுகிறது. அங்கே ஒருமையில் இருக்கையும் ‘பாங்க்’, வங்கியும் ‘பாங்க்’. பன்மையாக்கும்போது இருக்கைகள் ‘பெங்கெ’, வங்கிகள் ‘பாங்கன்’. இருக்கை சொந்தச் சொல். வங்கி இத்தாலி வரை போய்த் திரும்பி வந்த சொல். ஒரே பிள்ளை வெளிநாடு சென்று வேறு ஆளாகத் திரும்பியதை அந்த மொழியின் இலக்கணமே பதிவு செய்து வைத்திருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கேய மொழியிலுமோ ‘பங்கோ’ என்ற ஒரே சொல்தான் இருக்கைக்கும் வங்கிக்கும் இன்றுவரை வழங்குகிறது.

போர்த்துக்கேயம் என்றவுடன் யாழ்ப்பாணத்து வாசகர் ஊகித்திருப்பார். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயர், நம் வீட்டுத் தளபாடங்களின் பெயர்களை மாற்றிவிட்டுப் போனார்கள். கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் அவர்களின் சொற்கள். பள்ளிக்கூடத்திலும் வாசிகசாலையிலும் நால்வர் சேர்ந்து அமரும் நீண்ட இருக்கையை நாம் ‘வாங்கு’ என்கிறோமே, அது அவர்களின் ‘பங்கோ’. இத்தாலியச் சந்தையில் காசு மாற்றியவர் போட்டிருந்த பலகையும், நம் வாசிகசாலை வாங்கும், பெயரளவில் ஒரே குடும்பம். சிங்களமும் இரண்டையும் தனித்தனியே பெற்றுக்கொண்டது: அங்கே இருக்கை ‘பங்குவ’, வங்கி ‘பேங்குவ’ என்று உயிரொலி ஒன்றால் மட்டும் வேறுபடும்.

குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரும் நம்மிடம் உண்டு. கடன் தீர்க்க முடியாமல் முறிந்துபோவதை இத்தாலியர் உடைந்த பலகை என்று பொருள்படும் ‘பாங்க்காறோத்தா’ என்ற தொடராற் குறித்தார்கள். 16 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போன அந்தத் தொடர், உடைதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் சாயலில் ஒரு ‘ப்’ ஒலியைச் சேர்த்துக்கொண்டு ‘பாங்க்ரப்ட்’ ஆயிற்று. ஒல்லாந்த மொழியில் ‘பாங்க்ரூட்’, போர்த்துக்கேயத்தில் ‘பங்கறோட்டா’. இலங்கைத் தமிழில் நாம் சொல்லும் ‘வங்குரோத்து’ இந்த வரிசையில் நிற்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தபோது பத்திரிகைகளில் ஓயாமல் அடிபட்ட சொல் அது. வங்கி, வாங்கு, வங்குரோத்து ஆகிய மூன்றும் மூன்று காரியங்களுக்கு உரியவையாக நம் நாவில் உலவுகின்றன; மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே பலகை.

இப்படிக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ஒலி ஒத்தவற்றை எல்லாம் உறவாக்கிவிடக் கூடாது என்பதையும் அதே ‘வாங்கு’ என்ற சொல்லே கற்பிக்கிறது. தமிழில் பெறுதலைக் குறிக்கும் ‘வாங்கு’ என்ற வினை சங்க காலத்திலிருந்தே உள்ளது. வளைதல், இழுத்தல் என்ற பொருள்களும் அதற்குப் பழைய நூல்களில் உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் கடைப் பொருளை ‘வேண்டுவது’ பெருவழக்காக இருந்தாலும், எழுத்தில் வாங்குகிறோம். அந்த வினைக்கும் போர்த்துக்கேயர் இருக்கைக்கும் எந்த உறவும் இல்லை. பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் ஒலியை நம் முஸ்லிம் மக்கள் ‘வாங்கு’ என்பார்கள். தமிழகத்தில் ‘பாங்கு’ என்று வழங்கும் அது, குரல் அல்லது கூவுதல் என்ற பொருளுடைய ‘பாங்’ என்ற பாரசீகச் சொல். ஆக, தமிழ் வினை ஒன்று, போர்த்துக்கேயப் பெயர் ஒன்று, பாரசீகப் பெயர் ஒன்று, மூன்றும் ஒரே எழுத்துகளில் வந்து நிற்கின்றன. தமிழ்ச் சொல்லின் முதலில் ‘ப’ என்ற எழுத்து உண்டு, ஆனால் ஐரோப்பியரும் பாரசீகரும் ஒலிக்கும் அந்த அழுத்தமான ஒலி கிடையாது. அதைக் கேட்ட காது சில வேளை ‘ப’ என்றும் சில வேளை ‘வ’ என்றும் எழுதிக்கொண்டது. அதனால்தான் இந்த நெருக்கடி.

ஆங்கில ‘பாங்க்’ விடயத்தில், வேறு வேறாகத் தோன்றியவை ஆழத்தில் ஒன்றாயின. தமிழ் ‘வாங்கு’ விடயத்தில், ஒன்றாகத் தோன்றியவை எந்த ஆழத்திலும் ஒன்றாகவில்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. பழைய வடிவம், அயல்மொழியில் உள்ள வடிவம், சொல்லைக் கொண்டுவந்த மக்களின் வரலாறு ஆகியவற்றை அடுக்கிப் பார்த்தே சொல்ல வேண்டும். இந்தப் பணிக்கு இந்த மண்ணில் நல்ல முன்னோடிகள் இருந்தார்கள். 1842 இல் மானிப்பாயில் அச்சேறிய அகராதி ஏறத்தாழ 58,500 சொற்களைத் திரட்டியது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1938 முதல், தமிழ்ச் சொற்களின் பிறப்பை மற்ற மொழிகளோடு ஒப்பிட்டு ஆராயும் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கி, 1947 இல் மறையும் வரை அதிலேயே உழைத்தார்.

ஆங்கிலம் கற்கிறவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அகராதியில் எண் இட்ட பதிவுகள் வந்தால், பொருள்களை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் சதுர அடைப்புக்குள் சிறிய எழுத்தில் தரப்படும் பிறப்புக் குறிப்பை வாசிக்கட்டும். அதில் எந்த மொழி, முதற்பொருள் என்ன என்ற இரண்டையும் மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு, பின் கிளைப் பொருள்களை அந்த முதற்பொருளிலிருந்து தானே வருவித்துப் பார்க்கட்டும். ‘மச்’ என்ற சொல்லில் தொடங்கலாம்: தீக்குச்சி என்ற ‘மச்’ விளக்குத் திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல், இணை, போட்டி என்ற ‘மச்’ துணையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். விளையாட்டுப் போட்டி ஏன் இணையோடு ஒரே பதிவில் இருக்கிறது, தீக்குச்சி ஏன் தனியே இருக்கிறது என்பதை இனி அவரே சொல்லிவிடுவார்.